ஆணியா, ஃபெவிகாலா, அக்ரிலிக்கா? மாதிரி ரயில் தண்டவாளத்தைப் பலகையில் பொருத்தும் வழிகள்

என்னுடைய முதல் லேஅவுட்டில், அதாவது பலகைமேல் நான் அமைத்த முதல் மாதிரி ரயில்பாதையில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் எஞ்சின் தடம் புரண்டுகொண்டே இருந்தது. சக்கரத்தைத் துடைத்தேன், வேறு எஞ்சினை ஓட்டினேன், பலகைக்கு மட்டம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் வெர்னியர் காலிப்பரை எடுத்து இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே அளந்தால், 16.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 16.1தான் இருந்தது. அங்கே சிலிப்பர் கட்டையின் நடுவில் நான் அடித்த ஆணி கொஞ்சம் அதிக உற்சாகத்தோடு இறங்கியிருந்தது. பிளாஸ்டிக் சிலிப்பர் நடுவில் குழிந்ததும் இரண்டு தண்டவாளங்களும் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டன. ஆணியை அரை மில்லிமீட்டர் மேலே தூக்கினேன். ரயில் ஓடியது.

அன்றிலிருந்து தண்டவாளம் பொருத்தும் முறைகளைப் பற்றி யாராவது "எது நல்லா பிடிக்கும்?" என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். எல்லாமே பிடிக்கும். ஹெச்ஓ (HO, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) அளவில் ஓர் எஞ்சின் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. அதைத் தாங்க எவ்வளவு பிடிப்பு வேண்டும்? நிஜ ரயில்பாதையையே பாருங்கள். தண்டவாளத்தைச் சிலிப்பரோடு கவ்விப் பிடிப்பது கிளிப். நார்வேக்காரரான பெர் பாண்டே-ரோல்ஃப்சன் உருவாக்கிய அந்த வளைந்த கம்பிக்கு அவர் பெயரைச் சுருக்கித்தான் பான்ட்ரால் என்று பெயர். ஆனால் சிலிப்பரைத் தரையோடு யாரும் ஆணி அடித்து வைப்பதில்லை. சுற்றிலும் கொட்டிய ஜல்லிதான் பல ஆயிரம் டன் ரயிலுக்கு அடியில் பாதையை நகராமல் வைத்திருக்கிறது. நம் வேலையில் கிளிப்பின் பங்கைத் தொழிற்சாலையிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சிலிப்பருக்கும் பலகைக்கும் நடுவில் என்ன என்பது மட்டும்தான் நம் பாடு.

அதனால் நான் எந்த முறையையும் கழற்றிப் பார்த்துத்தான் எடைபோடுவேன். முதல் லேஅவுட்டில் போட்ட பாதை போட்டபடி நின்றவர்களை நான் பார்த்ததில்லை. வளைவு இறுக்கமாக இருக்கும், ஸ்டேஷன் நீளம் போதாது, பாதை பிரியும் பாயிண்ட் ஒன்று தப்பான பக்கம் திரும்பும். நானே ஒரு முனையை மூன்று முறை மாற்றினேன். ஒரு மீட்டர்வாக்கில் நீளமுள்ள, விரும்பியபடி வளைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் டிராக் இங்கே கைக்கு வந்து சேரும்போது இறக்குமதி விலை. உடைத்து எடுத்துக் குப்பையில் போட மனம் வராது.

இனி வருவதெல்லாம் ஹெச்ஓ அளவை வைத்து, அதாவது 1:87, 16.5 மில்லிமீட்டர் பாதையை வைத்து எழுதுவது. 9 மில்லிமீட்டர் பாதையுள்ள 'என்' (N) எனப்படும் அளவுக்கும் இதே கணக்குத்தான், விரல்தான் இன்னும் நிதானமாக வேண்டும். (நம் ஊர் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வரும். ஆக, 16.5 பாதையில் ஓடும் நம் நீல நிறப் பெட்டிகள் எல்லாம் கொஞ்சம் பொய்தான். அந்தக் கவலை வந்துவிட்டவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.)

ஆணி

சின்னத் தலையுள்ள மெல்லிய கறுப்பு ஆணிகள், அல்லது பின்கள். அட்லஸ், பெக்கோ போன்ற கம்பெனிகள் தண்டவாளத்தோடு சேர்த்து இவற்றையும் விற்கின்றன. சிலிப்பரின் நடுவில் ஓட்டை இருந்தால் அதில், இல்லாவிட்டால் கையால் திருகும் சின்ன டிரில்லில் ஓட்டை போட்டு இறக்கவேண்டும்.

இதன் பெரிய நன்மை உடனடித்தனம். அடித்ததும் ரயில் விடலாம். பிடிக்கவில்லையா, நோஸ் பிளேயரால் பிடுங்கிவிட்டு ஒரு விரற்கடை தள்ளி அடிக்கலாம். தண்டவாளத்தில் துளி பசை இருக்காது. "கழற்றிப் பார்" பரீட்சையில் ஆணிக்கு நூற்றுக்கு நூறு.

மற்றப் பரீட்சைகளில்தான் தடுமாறுகிறது. முதலாவது, கீழே என்ன பலகை என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும். மென்மரத்திலும் தடித்த கார்க்கிலும் அழகாக இறங்கும். அமெரிக்காவில் ஹோமசோட் என்று காகிதக் கூழை அழுத்திச் செய்யும் ஒரு பலகை உண்டு. அந்நாட்டுப் பழைய லேஅவுட்காரர்கள் அதன்மேல் உயிரை வைத்திருந்ததற்குக் காரணமே, கையால் அழுத்தினாலே ஆணி ஏறும், ஏறியது நிற்கும் என்பதுதான். நம் ஊரில் கிடைக்கும் நல்ல பிளைவுட் அப்படியில்லை. பாதி ஆணி வளைந்துபோகும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை இன்னும் மோசம், ஒவ்வோர் ஆணிக்கும் முன்னோட்டை போடாமல் தீராது. தெர்மாகோலிலோ, அதைவிட இறுக்கமான நீல நிற இன்சுலேஷன் ஃபோம் பலகையிலோ ஆணி சுலபமாக இறங்கும், அதே சுலபத்தோடு வெளியேயும் வந்துவிடும்.

இரண்டாவது, சத்தம். பலகைக்கும் பாதைக்கும் நடுவில் கார்க் போடுவதே சத்தத்தைக் குடிக்கத்தான். ஆணி அந்தக் கார்க்கைத் துளைத்துக்கொண்டு பிளைவுட்டில் போய் நின்றால், சக்கரத்தின் அதிர்வு நேராகப் பலகைக்கு இறங்குகிறது. கீழே வெற்றிடம், மேலே பலகை: தவில்தான். இரவு பதினொரு மணிக்குச் சரக்கு ரயில் விட்டால் பக்கத்து அறையில் கேட்கும்.

மூன்றாவது, நான் முதலில் சொன்ன கதை. சுத்தியலை எடுக்காதீர்கள். கடைசி இரண்டு மில்லிமீட்டரை பிளேயரின் மூக்கால் அழுத்தி இறக்குங்கள். ஆணித் தலைக்கும் சிலிப்பருக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருக்கட்டும். அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ (NMRA) என்ற மாதிரி ரயில் ஆர்வலர்கள் அமைப்பு 1935இல் தொடங்கியதிலிருந்து அளவுகளை ஒழுங்குபடுத்துவதில்தான் குறியாக இருக்கிறது. அவர்கள் விற்கும் தகட்டு அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் தண்டவாள இடைவெளி, சக்கர இடைவெளி இரண்டையும் ஒரே தகட்டில் பார்த்துவிடலாம். இல்லாதவர்களுக்கு வெர்னியர் போதும்.

வெள்ளை ஃபெவிகால்

தச்சர் பயன்படுத்தும் அதே வெள்ளைப் பசை. வீட்டில் எப்படியும் ஒரு டப்பா இருக்கும். பலருக்குத் தெரியாத விஷயம், இது பிளாஸ்டிக் சிலிப்பரோடு உண்மையில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. மரத்துக்கும் கார்க்குக்கும் உள்ளே ஊறி இறுகும். பிளாஸ்டிக்கைச் சுற்றி உறைந்து அணைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். நமக்கு அந்த அணைப்பே ஏராளம். கழற்றும்போது இந்தப் பலவீனமே வரம். வெதுவெதுப்பான நீரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் பசை மீண்டும் பால்போல் வெளுத்து இளகும். தகட்டை உள்ளே விட்டு மெதுவாகக் கிளப்பலாம். இதற்காகவே தண்ணீர் புகாத மரைன் வகையைத் தவிர்க்கச் சொல்வேன். படகுக்கு ஆகும் பசை பாதைக்கு ஆகாது.

குறை என்ன? காயும்வரை பிடித்து வைக்கவேண்டும். ஃப்ளெக்ஸ் டிராக்கை வளைத்தால் நிமிரப் பார்க்கும். ஈரப் பசையின்மேல் அது மெல்ல நழுவி, காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் அழகான வளைவு எங்கோ போயிருக்கும். ஃபோம் பலகையின்மேல் போட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். காய்ந்தபிறகு கல்லாகிவிடுவதால் சத்தமும் கொஞ்சம் கூடும்.

ஆக, தண்டவாளத்துக்கு அடியில் பூச நான் ஃபெவிகாலைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதன் இடம் கடைசிக் கட்டத்தில், ஜல்லிக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேண்டாதவை

செருப்புக் கடையில் மணக்கும் ரப்பர் பசை: தொட்டால் ஒட்டியது ஒட்டியதுதான், ஒரு மில்லிமீட்டர்கூடத் திருத்த விடாது. போதாததற்கு அதன் கரைப்பான் தெர்மாகோலைத் தின்று பள்ளமாக்கிவிடும். ஃபெவிக்விக் வகைகள்: இறுகியதும் நொறுங்கும் தன்மை, அதிர்வில் விடும். க்ளூ கன்: ஆறும் வேகத்துக்கு முன் நீங்கள் தண்டவாளத்தை நேராக்க முடியாது, அடியில் கட்டிகட்டியாக நின்று பாதை மேடுபள்ளமாகும். இரட்டைப் பக்க டேப்: ஒரு வார இறுதிக் கண்காட்சிக்குச் சரி. நம் கோடையில் அதன் பசை இளகி, வளைவுகள் தாமாக நகர்வதைப் பார்க்கலாம்.

சிலிகான் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. அடுத்து வரும் முறைக்காகக் கடையில் "சீலன்ட்" என்று கேட்டால், பாதிக் கடைகளில் கேட்காமலேயே சிலிகானைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிக் குழாய். சிலிகான்மேல் பெயின்ட் நிற்காது, ஜல்லிப் பசையும் நிற்காது. வினிகர் வாடை அடிக்கும் ரகம் என்றால் அதிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம், உலோகத்துக்கு ஆகாது. குழாயில் அக்ரிலிக் என்று எழுதியிருக்கிறதா, பெயின்ட் அடிக்கலாம் என்று போட்டிருக்கிறதா, ஈரத்துணியால் துடைக்கலாம் என்கிறதா, மூன்றையும் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அக்ரிலிக் சீலன்ட்

சுவர் விரிசலையும் ஜன்னல் சட்ட ஓரத்தையும் அடைக்க பெயின்டர்கள் பயன்படுத்துவது. அமெரிக்க லேஅவுட்காரர்கள் லேடெக்ஸ் காக் என்பார்கள். ஆணிக்கும் ஃபெவிகாலுக்கும் பிறகு இதற்கு மாறியவன் நான், இனி வேறெதற்கும் போகப்போவதில்லை.

எல்லாச் சாமர்த்தியமும் எவ்வளவு குறைவாகப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. கார்க்கின் நடுக்கோட்டில் பென்சில் தடிமனுக்கும் குறைவாக ஒரு கோடு இழுக்கவேண்டும். பிறகு பழைய ஏடிஎம் கார்டாலோ பட்டித் தகடாலோ அதைத் தேய்த்துப் பரப்பவேண்டும், அடியில் உள்ள கார்க்கின் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக. முதல் முறை நான் வெண்ணெய் தடவுவதுபோல் தடவினேன். தண்டவாளத்தை அழுத்தியதும் சிலிப்பர்களுக்கு நடுவே பிதுங்கி மேலே வந்துவிட்டது. ஜல்லி கொட்ட இடமில்லாமல் பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். மூன்று மாலைப்பொழுதுகள்.

மெல்லிய படலத்தின்மேல் தண்டவாளத்தை வைத்தபிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நகர்த்தித் திருத்த நேரம் கிடைக்கும். ஃபேன் சுழலும் அறையில் இன்னும் சீக்கிரம் தோல் கட்டும், ஒரு நீளம் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த நேரத்தில் கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடி, தண்டவாளத்தின் நீளவாக்கில் பாருங்கள். மேலிருந்து நேராகத் தெரிவது இப்படிப் பார்த்தால் பாம்பாக நெளியும். வளைவுகளில் சிலிப்பரின் வெளி ஓரத்தை ஒட்டி, பலகையில் குண்டூசிகளைக் குத்தி அண்டக்கொடுக்கலாம். நடுவில் குத்தவேண்டியதில்லை. மேலே கனத்துக்கு நான் வைப்பது சமையலறையிலிருந்து எடுத்த ஒரு கிலோ உப்புப் பொட்டலங்கள். புத்தகத்தைவிட நல்லது, வளைவோடு வளைந்து உட்காரும். மறுநாள் எடுத்துவிடலாம்.

காய்ந்தபிறகும் அக்ரிலிக் கல்லாவதில்லை, ரப்பர்போல ஓர் இளக்கம் இருக்கும். அதனால் சத்தம் குறைகிறது. கழற்ற வேண்டுமென்றால் மெல்லிய பட்டித் தகட்டைச் சிலிப்பருக்கு அடியில் படுக்கவாக்கில் செலுத்தி, முன்னும் பின்னும் அசைத்தபடி தள்ளிக்கொண்டே போகவேண்டும். உயர்த்தி நெம்பினால் தண்டவாளம் வளைந்துபோகும். பொறுமையாகச் செய்தால் முழு நீளமும் சேதமில்லாமல் வந்துவிடும், அடியில் ஒட்டியிருப்பதை நகத்தால் உரிக்கலாம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாததால் பலகை நனையாது. ஆணியைவிட நேரம் பிடிக்கும்தான், ஃபெவிகாலைவிடச் சுத்தம்.

ஃபோம் பலகை வைத்திருப்பவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆணி நிற்காது, ரப்பர் பசை தின்னும், ஃபெவிகால் காயாது. மிஞ்சுவது இதுதான்.

பொருத்தாமலே விடுவது

இப்படியும் ஒரு வழி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜப்பானின் காட்டோ யூனிட்ராக், டோமிக்ஸ் ஃபைன்டிராக், ஜெர்மனியின் மார்க்லின் சி பாதை ஆகியவற்றில் பிளாஸ்டிக் ஜல்லிப் படுக்கையோடு சேர்ந்தே தண்டவாளம் வரும். துண்டோடு துண்டு கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். ஜப்பானியச் சின்ன வீடுகளில் தரைப் பாயின்மேல் விரித்து ஓட்டிவிட்டு, படுக்கும் நேரத்துக்குப் பெட்டியில் அடுக்கிவிடும் பழக்கத்துக்கு இது கச்சிதம்.

வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்து, ஹாலில் சோபாவுக்கு அடியில் ரயில் போகவேண்டும் என்றால் மேலே எழுதிய எதையும் படிக்கவேண்டாம், இதையே வாங்குங்கள். ஆனால் வளைவுகள் கம்பெனி கொடுத்த ஆரங்களில்தான் கிடைக்கும், மீட்டருக்கு ஆகும் செலவு ஃப்ளெக்ஸைவிடக் கூடுதல், ஜல்லி பிளாஸ்டிக் என்று பார்த்ததும் தெரியும். நிரந்தரப் பலகைக்கு மாற்றும்போதும் இவற்றை நான்கைந்து இடத்தில் அக்ரிலிக் பொட்டு வைத்து நிறுத்தினால் போதும்.

சூடும் ஈரமும்

தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பத்து டிகிரி சூடு கூடினால் ஒரு மீட்டருக்கு ஆறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். சின்னக் கணக்காகத் தெரிகிறதா? மொட்டைமாடி அறையில் ஜனவரி விடியலுக்கும் மே மாத மதியத்துக்கும் பதினைந்து இருபது டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஐந்து மீட்டர் நேர்பாதையில் அது ஒன்றரை மில்லிமீட்டர். போக இடமில்லாவிட்டால் பாதை பக்கவாட்டில் வெடுக்கென்று வளையும்.

எந்தப் பசையும் இதைத் தடுத்து நிறுத்தாது என்பதால் முறையைத் தேர்வு செய்யும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். ஆணியும் பசையும் சிலிப்பரைத்தான் பிடிக்கின்றன, தண்டவாளம் சிலிப்பரின் கொக்கிகளுக்குள் வழுக்கிக்கொள்ளும். ஆகவே எல்லா இணைப்பையும் சால்டர் செய்து ஒரே கம்பியாக்கிவிடாமல், இரண்டு நீளத்துக்கு ஒரு முறையாவது, தண்டவாள நுனிகளை இணைக்கும் தகடான ஃபிஷ்பிளேட்டுக்குள் ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி விடுங்கள். குளிர்ந்த நாளில் போட்டால் இடைவெளி கூடுதல், வெயிலில் போட்டால் கிட்டத்தட்ட முட்டவிடலாம். வளைவில் வரும் இணைப்பு மட்டும் விதிவிலக்கு. அதை நேராக இருக்கும்போதே சால்டர் செய்துவிட்டு அப்புறம் வளைத்தால்தான் மூட்டில் முட்டி தட்டாது.

இதைவிடப் பெரிய தொல்லை மரம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பி, கோடையில் சுருங்கும். பிளைவுட்டின் இரண்டு பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களும், பெயின்ட் குடித்திருக்கவேண்டும். அதைச் செய்யாமல் எந்தப் பசை உயர்ந்தது என்று பேசிப் பயனில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலகையை நாலடிக்கு இரண்டடித் துண்டுகளாகச் செய்வீர்கள். துண்டுகள் சேரும் ஓரத்தில் மட்டும் இந்த இளக்கமெல்லாம் ஆகாது. அங்கே தண்டவாள நுனி ஒரு முடி அகலம்கூட நகரக்கூடாது, வீடு மாற்றும்போது கை பட்டாலும் பெயரக்கூடாது. பலகை ஓரத்தில் பித்தளைத் திருகுகளை இறக்கி, அவற்றின் தலையில் தண்டவாளத்தை நேரடியாகச் சால்டர் செய்துவிடுவேன். அந்தக் கடைசி இரண்டு அங்குலம் மட்டும் நிரந்தரம்.

ஜல்லி

பாதை ஒரு மாதம் தகராறில்லாமல் ஓடியபிறகுதான் ஜல்லி. இது அழகுக்கு என்று நினைப்போம். உண்மையில் நிஜப் பாதையைப்போலவே, பசை குடித்த ஜல்லிதான் கடைசியில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. உலர்ந்த ஜல்லியைத் தூவி, பிரஷால் சிலிப்பர் மட்டத்துக்குக் கீழே ஒதுக்கி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரைப் பனிபோல் தெளித்து நனைக்கவேண்டும். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை உருண்டு திரண்டு ஜல்லியை வாரிக்கொண்டு போகும். பிறகு சரிபாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் சொட்டு சொட்டாக விடவேண்டும். காய்ந்தால் சிமென்ட்.

இதற்குப்பின் ஆணிகளுக்கு வேலையில்லை, பிடுங்கிவிடலாம். பிடுங்கியபின் சத்தம் கொஞ்சம் குறைவதையும் கவனித்திருக்கிறேன். ஆனால் ஆணி முறையின் "உடனே கழற்றலாம்" என்ற பெருமையும் இங்கே முடிந்துவிடுகிறது. ஜல்லி போட்ட பாதை எல்லாமே ஊறவைத்துத்தான் வரும். எனவே ஜல்லி போடப்போகிறவருக்கு ஆணியும் அக்ரிலிக்கும் கழற்றும் கணக்கில் ஒன்றுதான். நேர்த்தியிலும் சத்தத்திலும் அக்ரிலிக் மேலே நிற்கிறது. ஜல்லியே போடாமல் திட்டத்தை மாற்றி மாற்றி விளையாடுபவருக்கு ஆணியே ராஜா, அதுவும் மென்மரமோ கார்க்கோ இருந்தால். நான் நடுவில் போகிறேன்: முதல் மாதம் வெறும் குண்டூசி, அப்புறம் அக்ரிலிக், அப்புறம் ஜல்லி.

பாயிண்டுகள்

பாயிண்ட் இந்த விதிகள் எதிலும் சேராது. லேஅவுட்டில் கெட்டுப்போகும் பாகம் அதுதான். நாக்குத் தண்டவாளங்களும் அவற்றை நகர்த்தும் கம்பியும் ஒரு துளிப் பசை பட்டால் செத்தன. விலையும் அதிகம். நான் பாயிண்டுக்கு அடியில் எதுவுமே பூசுவதில்லை. மூன்று பக்கமும் ஒட்டியிருக்கும் பாதைகளே அதைப் பிடித்துக்கொள்கின்றன, தேவைப்பட்டால் நுனிச் சிலிப்பர்களில் இரண்டு பின். சுற்றி ஜல்லி போடும்போது நகரும் பாகங்களின் அடியில் ஜல்லியே வேண்டாம், கறுப்புப் பெயின்ட் போதும்.

பாயிண்டைத் தனியாக வெளியே எடுக்க ஒரு வழி வைத்துக்கொள்ளவேண்டும். அதை ஒட்டிவரும் பாதைகளின் கடைசி இரண்டு சிலிப்பர்களில், தண்டவாளத்தைப் பிடிக்கும் கொக்கிகளை பிளேடால் சீவிவிடுங்கள். அப்போது ஃபிஷ்பிளேட்டை முழுவதுமாகப் பாதைப் பக்கம் பின்னுக்குத் தள்ளலாம். பாயிண்ட் நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். சரிசெய்து திரும்ப வைத்து, ஃபிஷ்பிளேட்டை நோஸ் பிளேயரால் முன்னுக்கு இழுத்துவிட்டால் மீண்டும் ரயில் ஓடும்.